மரம் வெட்டுற கத்தி பிடிச்ச அம்மன்

எங்க மசாலாத்தூள் பாக்கெட்டுல இருந்தவ நாங்க இருந்த ரப்பர் தோட்டத்து அம்மன். மத்த கோயில்ல கையில சூலம் இருக்கும். பீடோர் பக்கத்துல எங்க கோயில்ல, பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டுற கத்தியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. தோட்டம் கைமாறினதும் கோயிலை இடிச்சு எண்ணெய்ச் செம்பனை நட்டுட்டானுங்க. சிலையும் தூள் தூளாப் போச்சு. ஈப்போவுல கடை போட்டப்போ, எங்க வீட்டுக்காரர் அவளைப் படமா வரையச் சொல்லி, வணிக முத்திரையா பதிவு பண்ணி வச்சார். அவளுக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான்.

எங்க கெட்ட நேரம், ஒரு வாடிக்கைக்கார அக்கா பசார்ல மீன் கழிவு வாளிக்குள்ள எங்க காலி பாக்கெட்டைப் பார்த்துட்டாங்க. நேரா கடைக்கு வந்து, "ஏன் தம்பி, சாமியை இப்படித்தான் குப்பையில போட வைப்பியா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. இவருக்கு முகம் செத்துப் போச்சு. அதோட படம் அச்சடிக்கிறதை நிறுத்திட்டார். அதே தூள், வெறும் பிளாஸ்டிக் பை. "நம்ம தூள் ஜனங்களுக்குத் தெரியாதா? பதிவுதான் பத்திரமா இருக்குலா"ன்னார். பதிவை ஒழுங்காப் புதுப்பிக்கவும் செஞ்சார். நானும் தலையாட்டினேன். சாமி விசயத்துல குறுக்கே பேச எங்க வீட்டுல யாருக்குத் தைரியம்!

வருசம் ஓடிருச்சு. கோலாலம்பூர்ல ஒரு பெரிய மசாலா கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. இவங்க மூணு வருசத்துக்கு மேல முத்திரையைச் சரக்குல போடவே இல்ல, பதிவேட்டுலேர்ந்து எடுத்துருங்கன்னு கேட்டிருந்தாங்க. அதே மாதிரி அம்மனை அவங்க பாக்கெட்டுல போடணுமாம். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! வயிறெரிஞ்சு சொல்றேன், பூட்டின வீட்டுக்குள்ள புகுந்து சாமியைத் தூக்கிட்டுப் போற வேலை இது.

எங்க வக்கீல் ஒரு தமிழ்ப் பொண்ணு. நல்ல பிள்ளை. "அண்ணே, பதிவு மட்டும் பத்தாது. இந்த வருசங்கள்ல படம் போட்டு வித்த ஒரு பாக்கெட்டாவது காட்டணும்"னு சொல்லுச்சு. எதைக் காட்டுறது? அதைத்தானே இவர் ஒரேயடியா நிறுத்திட்டார்.

"போடாததுக்குத் தகுந்த காரணம் இருந்தா கோர்ட்டு ஏத்துக்கும். அரசாங்கம் தடை போட்டுச்சு, அந்த மாதிரி."

"சாமி குப்பைக்குப் போகக்கூடாதுன்னு விட்டேன். அது காரணம் இல்லையாம்மா?"

அந்தப் பொண்ணு பேனாவை எடுத்துச்சு. "எழுதிக் கொடுத்துப் பார்ப்போம் அண்ணே."

கோர்ட்டுக்கு இவர் வெள்ளைச் சட்டை, நெத்தி நிறைய திருநீறோட வந்தார். எங்க வக்கீல் பொண்ணு எவ்வளவோ வாதாடுச்சு. எதிர்த்தரப்பு வக்கீல், யாரும் இவரைத் தடுக்கல, தானாகத்தான் நிறுத்தினார்னு சாதாரணமா சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். பொய்யும் இல்லையே, என்னத்தைச் சொல்ல. முத்திரையை நீக்கச் சொல்லித் தீர்ப்பாச்சு. காருக்குள்ள ஏறினதும், "மரியாதை கொடுத்ததுக்கா இந்தத் தண்டனை?"ன்னு கேட்டார். அழுதார். இத்தனை வருசத்துல அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அப்புறம் அந்தக் கம்பெனி அதே கத்தியோட தங்க நிறத்துல ஒரு அம்மனைப் பதிவு பண்ணிருச்சு. இனிமே பாக்கெட், பலகை, பில் எதுலயும் நாம அந்தப் படத்தைப் போட வேணாம், வம்புன்னு வக்கீல் பொண்ணு போன் பண்ணுச்சு. இவரே ஏணி வச்சு ஏறி, கடைப் பலகையில அம்மன் மேல பெயிண்ட் அடிச்சார். ஆள் வச்சுக்கலாம்னு சொன்னேன், கேக்கல.

வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவல. "நம்ம வீட்டுச் சாமி மேடையில இருக்கிற அவ படத்தையும் எடுக்கணுமா?"ன்னு கேட்டார்.

முதல்ல சிரிச்சுட்டேன். முகத்தைப் பார்த்தப்புறந்தான் நிஜமாத்தான் கேக்கிறார்னு புரிஞ்சது. "உங்களுக்கென்ன பைத்தியமா, நம்ம வீட்டுக்குள்ள எவன் வந்து கேப்பான்?"னு கத்தினேன். வக்கீல் பொண்ணையே போன்ல பேச வச்சேன். "வீட்டுல கும்பிடுறதுக்கு ஒரு தடையும் இல்லண்ணே, நான் சொல்றேன்லா"ன்னு அது படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. சரி சரின்னு கேட்டுக்கிட்டார்.

ஆனா இப்போ வாசக்கதவைத் தாழ் போட்டு, ஜன்னல் திரையை இழுத்து விட்டுட்டுத்தான் அவளுக்கு விளக்கேத்துறார். மணி அடிக்கிறதில்லை.