சீற்றுக்கு அடியில் ஓடிய வயர்

பிறர் செய்த வேலையைக் கண்டு குமட்டுகிற ஒருவர், அந்தப் பிறரோடு எப்படி ஓர் ஆயுளைக் கழிப்பார்? கோணாமலையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருமுறையாவது எழுந்திருக்கும்.

திருகோணமலைத் துறைமுகத்தில், வெள்ளைக்காரர்களின் பட்டறையில் கப்பல் வயரிங் பழகியவர் அவர். ஐம்பத்தேழில் அவர்கள் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபின், உள்துறைமுக வீதியில் தகரக் கொட்டகை போட்டுக் கார்களுக்கு மின்வேலை செய்தார். வேலை திறம். அதற்கு மேல் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. காரின் மூடியைத் திறந்ததும் முதலில் காறித் துப்புவார். பிறகுதான் உள்ளே பார்ப்பார்.

துப்புவதற்குக் காரணங்களும் இருந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் உதிரிப்பாகங்கள் நாட்டுக்குள் வருவது அநேகமாக நின்றுபோயிருந்தது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை உருட்டி பியூஸ் என்று சொருகியிருப்பார்கள். வயர் மூட்டுகளில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் சுற்றியிருக்கும். பிறர் அதில் வறுமையைக் கண்டார்கள். கோணாமலை அழுக்கு மனதை மட்டுமே கண்டார். "ஏலாமை வேற, எளிய வேலை வேற" என்பார். எளிய என்றால் அவர் பேச்சில் ஈனமான என்று பொருள்.

எழுபத்துநாலில், மாரி முடிந்த ஒரு காலை, கிண்ணியா ஜமால்தீனின் ஒஸ்டின் கார் வந்தது. வாடகைக்கு ஓடும் கிழட்டுக் கார். முந்திய வருடம் அதன் முன் லைற்றுகளுக்கு வயர் மாற்றியவர் கோணாமலைதான். பின் சீற்றில் முதலாளி ஜமால்தீன். ஓட்டி வந்தவன் முத்தலிப், மூன்று பிள்ளைக்காரன், வேறு தொழில் அறியாதவன்.

"பாஸ், பற்றரி புதுசு" என்றார் ஜமால்தீன். "ஆனா ஒவ்வொரு நாளும் விடியக்குள்ள செத்துக் கிடக்கு. இவன் ராவில கள்ள ஹயர் ஓடுறான். நல்லாப் பாத்துச் சொல்லுங்க. காரில பிழை இல்லையெண்டா இண்டைக்கே திறப்பைப் பறிச்சு இவனை வீட்ட அனுப்பிருவன்."

"அல்லாஹ் மேல ஆணையா ஓடல்ல, பாஸ்" என்றான் முத்தலிப்.

கோணாமலை துப்பினார். பற்றரியில் ஒரு முனையைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் இடையில் ஒரு சின்ன பல்பைப் பொருத்தினார். எல்லாச் சுவிச்சுகளும் அணைந்திருந்தால் அது எரியக்கூடாது. மங்கலாக எரிந்தது.

"கரண்ட் எங்கேயோ களவு போகுது."

"அதைத்தானே நானும் சொல்றன்!"

கோணாமலை ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தார். ஹோர்ன், முன் லைற், பின் லைற். பியூஸ் பெட்டிக்குள் கருவாட்டுச் செதிலும் எறும்புக் கூடும் கிடந்தன. பல்பு மாறவில்லை. வெயில் ஏறி, தகரம் கொதித்தது. பிரேக் லைற்றைச் சோதிக்க முத்தலிப்பை ஓட்டும் சீற்றில் ஏறி இருக்கச் சொன்னார். பிரேக்கை மிதிக்குமுன்பே, அவன் இருந்ததும் பல்பு பளிச்சென்றது. எழும்பச் சொன்னார். மங்கியது.

ஜமால்தீன் கைதட்டினார். "பாத்தீங்களா! ஆர் கள்ளனெண்டு பல்புக்கே தெரியுது!"

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முத்தலிப் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப முதலாளி ஒருக்கா இருங்கோ" என்றார் கோணாமலை.

ஜமால்தீன் கனத்த உடம்புக்காரர். அவர் இருந்ததும் பல்பு முத்தலிப்புக்கு எரிந்ததைவிடக் கூடுதலாக எரிந்தது. கடையில் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. ஜமால்தீன் சிரிக்கவில்லை. அவர் முகம் வேறாகிவிட்டது.

"முத்தலிப், போய் மூண்டு பிளேன்ரீ எடுத்திட்டு வா" என்றார்.

அவன் போனதும் கோணாமலை சீற்றைத் தூக்கினார். அழுகலும் கருகலும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. கிண்ணியாத் துறையில் கார்களை அக்கரை சேர்க்கும் மிதவையில் ஏறி இறங்கும்போதெல்லாம் தரை ஓட்டைகளால் உப்புத் தண்ணீர் வந்து, சீற்றுக்குள் அடைத்த தென்னந்தும்பு ஊறிக் கிடந்தது. அதற்குள் அயன் பெட்டி வயர் ஒன்று காரை ஸ்டார்ட் செய்யும் திறப்புத் துவாரத்திலிருந்து தரைப்பாய்க்கு அடியால் ஓடிவந்து, ஒளித்து வைத்த வீட்டுச் சுவிச்சு ஒன்றில் முடிந்தது. மேல்துணி உரிந்து, செம்பு தெரிந்தது. ஈரத் தும்பின் வழியே கரண்ட் ஸ்பிரிங்குக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இருப்பவனின் பாரம் அமத்த அமத்தக் கூடுதலாக இறங்கும்.

"இதை ஆர் போட்டது?"

"நான்தான்" என்றார் ஜமால்தீன், மெல்ல. "அதை அணைச்சு வைச்சா ஸ்டார்ட் ஆகாது. ராவில அவன் காரை எடுப்பானெண்டு..."

"எடுத்தவனோ?"

"நான் காணல்ல. எடுத்திருப்பான்."

கோணாமலைக்கு இம்முறை துப்பவும் வாய் வரவில்லை. ஒருவன் தன் சந்தேகத்தைத் தன் கையாலேயே வயராக இழுத்து, அது கசிந்ததற்கு இன்னொருவனின் பிழைப்பைப் பறிக்க வந்து நிற்கிறான். மூட்டில் சுற்றிய பிளாஸ்டர் இதைவிடச் சுத்தம்.

"அவனுக்குச் சொல்லிராதீங்க பாஸ். இது தெரிஞ்சா பிறகு அவனும் நானும் ஒரு காரில இருக்க ஏலாது. அவன் போகத்தான் வேணும்."

கோணாமலை வயரை வெட்டி இழுத்து, சுவிச்சோடு வாய்க்காலுக்குள் எறிந்தார். சுவிச்சுக்காக ஜமால்தீன் அறுத்திருந்த இடத்தைப் பழையபடி பற்றவைத்து, நூல் சுற்றி இறுக்கினார். பல்பு அணைந்தது.

முத்தலிப் தேத்தண்ணியோடு வந்தான். அணைந்த பல்பைக் கண்டதும், காரில் பிழை இல்லையென்று ஆகிவிட்டதோ என்று தட்டோடு நின்றுவிட்டான். கடையில் இருந்தவர்களும் பின்னால் வந்து நின்றார்கள்.

"எங்க பாஸ் பிழை?" என்று கேட்டான் முத்தலிப்.

கோணாமலை கையைப் பழந்துணியில் துடைத்தார்.

"என்ர பிழை. போன வருசம் நான் வைச்ச மூட்டு விட்டுப் போச்சு. எளிய வேலை."

முத்தலிப் அந்தக் காரை இன்னும் ஏழு வருடம் ஓட்டினான். கோணாமலையின் மூட்டு விட்ட கதையை அவனே துறையில் சொல்லிச் சிரித்தான்; அதில் கெட்ட எண்ணம் இல்லை. கேட்ட சிலர் தங்கள் கார்களை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். ஜமால்தீன் வாய் திறக்கவில்லை.

கதை வீட்டுக்கும் வந்தது. சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி இரத்தினேஸ்வரி, "நீங்கள் வைச்ச மூட்டு விட்டதெண்டு சொல்லுறாங்கள். உண்மையோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றார் கோணாமலை. குழம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.