தம்பியின் லீவர் துப்பாக்கி

தம்பி துப்பாக்கி வாங்கிய செய்தி எனக்குப் படமாக வந்தது. க்யிம்யிண்டைங் சந்தையில் லைனிங் துணி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பைக்குள் போன் அதிர்ந்தது. திறந்தால், அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி குளிர்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, மார்புக்குக் குறுக்கே ஒரு துப்பாக்கியைப் பிடித்தபடி சிரிக்கிறான். கீழே, "எப்பிடிக்கா இருக்கு?" என்று எழுதியிருந்தான்.

பக்கத்து இருக்கைக்காரர் பார்த்தாரா என்று திரும்பிப் பார்க்கவும் துணிச்சல் வரவில்லை. போனைக் கவிழ்த்து மடியில் அழுத்திக்கொண்டேன். யாங்கோனில் இப்போதெல்லாம் ராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்தி, ஏறி, போனை வாங்கிப் பார்க்கிறார்கள். அப்படியொரு படம் அதில் இருந்தால் என்ன விளக்கம் சொல்லி யார் நம்பப்போகிறார்கள்? கைக்கு அடியிலேயே வைத்துப் படத்தை அழித்தேன். அழித்த படங்கள் போய்ச் சேரும் இடம் ஒன்று உண்டே என்று பிறகுதான் நினைவு வந்தது. அதையும் தேடி அழித்தேன். அப்படியும் மனம் கேட்கவில்லை. வீட்டுக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, வெயிலில் துணி மூட்டையோடு நடந்தேன். அன்று எங்கள் பஸ்ஸை யாரும் நிறுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான்.

"படம் பாத்தியாக்கா?"

"பாத்தேன். இனிமே அந்த மாதிரி எதையும் அனுப்பாத. இங்க போனைத் தொறந்து பாக்குறாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"மறந்துட்டேன்க்கா" என்றான்.

அந்த வார்த்தை எனக்கு உறுத்தியது. இளவயதில் மலேசியாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கிருந்து அமெரிக்கா போய்விட்டான். ஒரு சின்ன ஊரில், மாட்டிறைச்சி வெட்டிப் பொட்டலம் போடும் ஆலையில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் விஷயம் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொள்கிறவன், இதை மறந்திருக்கிறான்.

எதற்கு இந்தத் துப்பாக்கி என்று கேட்டேன். ஆலையில் தன்னோடு வேலை செய்கிறவர்கள் குளிர்காலம் தொடங்கும்போது மான் வேட்டைக்குப் போவார்களாம். வருஷா வருஷம் கூப்பிடுவார்கள், இவன் மறுத்துவிடுவான். இந்த முறை ஊர் மாறிப் போகிற ஒருவர் தன் பழைய துப்பாக்கியை விலைக்குக் கொடுத்தார்.

"எத்தன வருஷமா மிஷினு, வீடு, மிஷினு. லீவு நாள்ல நானும் டீவியும். பேச ஆளு வேணாமாக்கா?"



வேட்டைக்குப் போகுமுன் எந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவரும் என்று சுட்டுப் பார்க்க வேண்டுமாம். ஒரே அளவுதான் என்றாலும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒன்று பிடிக்குமாம், இன்னொன்று பிடிக்காதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நண்பரின் பண்ணையில் கிராவல் தோண்டிய பள்ளம் ஒன்றில் நின்று வீடியோவில் கூப்பிட்டான். அங்கே காலை என்றால் இங்கே யாங்கோனில், எங்கள் பபேடான் பேட்டையில், விளக்கு வைக்கும் நேரம். மின்சாரம் அப்போதுதான் வந்திருந்தது. அது போவதற்குள் தைத்துக் கொடுக்க வேண்டிய ரவிக்கை ஒன்று மிஷினில் கிடந்தது. போனைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தைத்துக்கொண்டே பார்த்தேன்.

விசைக்குக் கீழே வளையம் போல ஒரு லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு தெறித்து விழுகிறது, புதிய தோட்டா உள்ளே போகிறது. கார் மேல் மூன்று பெட்டிகள் வைத்திருந்தான். ஒன்றில் எடை குறைந்த குண்டு, ஒன்றில் கனமானது. இரண்டுக்கும் மூக்கு மழுங்கலாக இருந்தது. மூன்றாவதில் கூர்மூக்கு, ஆனால் நுனி மட்டும் ரப்பர் போலச் சிவப்பாக. அதுதான் விலை அதிகம்.

"மத்ததெல்லாம் ஏன் மொட்டையா இருக்கு?" என்றேன்.

"தோட்டாவெல்லாம் குழலுக்கு அடியில வரிசையா ஒண்ணு பின்னால ஒண்ணு படுத்திருக்கும்க்கா. பின்னால உள்ளதோட மூக்கு முன்னால உள்ளதோட முதுகுல இடிக்கும். கூரா, கெட்டியா இருந்தா உள்ளயே வெடிச்சிரும். இந்த ரப்பர் மெத்துன்னு இருக்கும், ஒண்ணும் ஆகாது."

இதைக் கேட்ட பிறகு எனக்குத் தையலில் கண் நிற்கவில்லை.

முதல் வெடி போனின் ஒலிபெருக்கியைக் கிழித்துக்கொண்டு வந்தது. என் கணவர் சமையலறையிலிருந்து ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினார். "சத்தத்தைக் குறை" என்றார். நான் பொத்தானைத் தேடுவதற்குள் அடுத்தது, அதற்கடுத்தது. குறிபலகையைப் பார்க்கத் தம்பி நடந்து போனபோது கதவு தட்டப்பட்டது.

நாங்கள் இருவரும் அசையவில்லை. மறுபடி தட்டினார்கள். மெதுவாக, விரல் முட்டியால். கணவர்தான் போய்த் திறந்தார். கீழ்மாடியில் இருக்கும் சயாமா நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவர் என்பதால் கட்டிடம் முழுக்க அவரை அப்படித்தான் அழைக்கும். காலில் செருப்பில்லை.

"எங்கே சுடுகிறார்கள் தங்கச்சி?" என்று பர்மிய மொழியில் கேட்டார். "மேலேயிருந்து வந்த மாதிரி இருந்தது."

போனைக் காட்டினேன். திரையில் என் தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் நடந்துகொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். சயாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என் வீட்டுக்காரர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே படுத்துவிட்டார். நான் சொன்னால் எழுந்திருக்க மாட்டார். யாராவது வந்து சொல்லுங்கள்."

என் கணவர் அவரோடு இறங்கிப் போனார். திரும்பிவந்த தம்பியிடம் சொன்னேன். அவன் காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நிறுத்திரவாக்கா?"

நிறுத்து என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வந்தது வேறு. "உன் பக்கம் சத்தத்தை அணைச்சுட்டு முடி. நான் பாக்குறேன்." ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியவில்லை. அவனை அந்தப் பள்ளத்தில் தனியே விட மனமில்லை. அந்தச் சிவப்பு மூக்கு என்ன செய்யும் என்று பார்க்கவும் ஆசை இருந்தது. அந்த ஆசை எனக்கே பிடிக்கவில்லை.

சத்தமில்லாமல் பார்த்தபோதுதான் அவன் முகத்தைக் கவனித்தேன். விசையை இழுக்குமுன் ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக மூடினான். தோள் முன்கூட்டியே சுருங்கியது. மூன்று பெட்டியிலும் சுட்டுவிட்டுக் குறிபலகைத் தாளைக் கொண்டுவந்து காட்டினான். எந்தக் குண்டு போட்டது என்றே பிரிக்க முடியாதபடி ஓட்டைகள் சிதறிக்கிடந்தன.

"எதுவுமே சரியில்லக்கா. வேற கம்பெனித் தோட்டாவும் வாங்கிப் பாக்கணும்."

"தோட்டா மேல குத்தமில்ல. நீ கண்ண மூடுற."

"நானா?"

"ஒவ்வொரு தடவையும்."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "எனக்கும் பயமாத்தான் இருக்குக்கா" என்றான். துப்பாக்கி வாங்கியதிலிருந்து அவன் பேசியதில் அந்த ஒரு வாக்கியம்தான் என் தம்பி பேசியது போல இருந்தது.

மறுநாள் சயாமா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் கொடுத்தார். அவர் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தார்.

அடுத்த ஞாயிறு, சத்தத்தை முழுதும் அணைத்துவிட்டு, தம்பி போனைத் தன் முகத்துக்கு நேராக வைத்தான். துப்பாக்கியில் தோட்டா இல்லாமலே விசையை இழுத்துப் பழகினான். கண் திறந்திருந்தால் நான் கையை உயர்த்துவேன், மூடினால் தலையை ஆட்டுவேன். பிறகு தோட்டா போட்டுச் சுட்டான். எடை குறைந்தது மேலும் கீழுமாகப் போனது. சிவப்பு மூக்கு எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. மலிவான, கனமான, மொட்டை மூக்குக் குண்டுகள் மட்டும் தேநீர்ச் சாசர் ஒன்றால் மூடிவிடலாம் போல நெருங்கி விழுந்தன. தாளைக் காட்டி அவன் குதித்தான். நானும் சிரித்தேன். வாசற்கதவைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன்.

வேட்டைக்குப் போனவன் ஒரு மான் சுட்டான். படம் எதுவும் அனுப்பவில்லை. பேசும்போது, "உடனே விழுந்துச்சா?" என்றேன்.

"இல்லக்கா. கொஞ்ச தூரம் ஓடுச்சு. ரத்தத்தைப் பாத்துக்கிட்டே போனோம். அடுத்த வருஷம் போவேனான்னு தெரியல."

அந்தக் கறியை எப்படி வைப்பது என்று கேட்டான். இஞ்சி தூக்கலாகப் போடு, நிறைய நேரம் வேகவிடு என்றேன். அந்த வார இறுதியில் ஆலை நண்பர்கள் அவன் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அவன் வீட்டில் அத்தனை பேரை நான் பார்த்ததே இல்லை. நாற்காலி போதாமல் ஒருவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போனுக்குள் என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். தம்பி ஏதோ சொல்லி அவர்களைச் சிரிக்கவைத்தான். எனக்கு அந்த ஆங்கிலம் புரியவில்லை.

அப்போது எங்கள் படிக்கட்டில் பலர் ஏறிவரும் காலடி கேட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக் கேட்டேன். குடிதண்ணீர்க் கேன்கள் சுவரில் இடிக்கும் ஓசை வந்தது. மேல்மாடிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். போனை நிமிர்த்தினேன். தம்பியும் நண்பர்களும் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.