பூட்டிய மாவடு ஜாடி

மூடி திறக்கும் சத்தம் கேட்டுத்தான் அன்று சமையலறைக்குப் போனேன். மாவடு ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, உப்புநீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார் என் கணவர். ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார்.

"ஒரே ஒரு மடக்குதான்."

"நக்கோ, வேண்டவே வேண்டாம்! எங்கப்பா மாதிரி நீங்களும் வாய் கோணிப் படுக்கணுமா?"

ரத்தக்கொதிப்பு அப்பாவைப் பக்கவாதத்தில் தள்ளிய நாள் முதல் உப்பு எனக்கு ஜென்ம விரோதி. மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுச் சமையலை ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஜாடியை பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். உப்பு டப்பாவும் பக்கத்திலேயே. சாவி என் இடுப்பில். கேண்டீனில் சாப்பிடக்கூடாது என்று மதியத்துக்கும் நானே கட்டிக் கொடுத்தேன்.

அவர் மெலிந்தார். வெயில் படாத உள்ளங்கை ரேகைகூடக் கறுத்தது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதீங்க என்றேன். எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். பிரஷரேதான் என்று முடிவுகட்டி, சாம்பாரில் இருந்த கொஞ்சநஞ்ச உப்பையும் நிறுத்தினேன். பிரஷரை ஒருதடவை பார்த்துவிடலாம் என்று மட்டும் தோன்றவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

ஒருநாள் காலை பஸ் நிறுத்தத்தில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் அதலபாதாளத்தில். பரிசோதனையெல்லாம் முடிந்து டாக்டரம்மா என்னை உட்காரவைத்து விளக்கினார். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் சுரப்பிகள் கெட்டுவிட்டனவாம். உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோன் அங்கிருந்துதான் வர வேண்டும். அது வராததால் உப்பெல்லாம் சிறுநீரில் போய்க்கொண்டிருக்க, இவருடைய மூளை உப்பு, உப்பு என்று கேட்டிருக்கிறது. மெலிந்ததும் கறுத்ததும்கூட அதே கோளாறால்தானாம்.

"வீட்டில் உப்பு அதிகமாகக் கேட்பாரா?" என்றார்.

இடுப்பில் சாவி உறுத்தியது.

மாத்திரையால் பிழைத்துக்கொண்டார். உப்பும் வேண்டிய அளவு சாப்பிடச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவர் வேலைக்குப் போனபிறகு, ஆளில்லாத சமையலறையில் மூடி திறக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஜாடி மேடையில் மூடியபடியே இருக்கும். பயமாக இருக்கிறது. அவரிடம் சொன்னதில்லை.

அவரும் பூட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் நானே ஜாடியைத் திறந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். ஒவ்வொரு முறையும், கரண்டியைத் தொடுவதற்கு முன்னால் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கிறார்.