கொம்பு நட்ட இடம்

நாற்பத்தாறு வயதில் நான் தூண்டில் போடக் கற்றுக்கொண்டேன். ஜாக்கெட் தைக்கிறவளுக்கு ஏரிக்கரையில் என்ன வேலை என்று ஊரே கேட்டது. என் தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டிருந்த வருடம் அது. அதற்குப் பிறகு ஊர் என்ன கேட்டாலும் எனக்குக் காதில் ஏறவில்லை.

அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தான். உடம்புக்கு வந்ததும் மனைவியையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டான். அமிர்தியைத் தாண்டி, மலையடியில் எங்கள் ஊர். என் வீடும் அவன் வீடும் ஒரே தெருதான். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் வேலூரில் டயாலிசிஸ். முதல் பஸ்ஸில் போனால் சாயங்காலம் துவண்டுபோய்த் திரும்புவான்.

வீட்டில் யாராவது கிட்னி கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார்கள். நான் கொடுக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். ரத்தப் பிரிவு சேர்ந்தது. மற்ற சோதனையில்தான் எனக்கே தெரியாமல் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. உங்களுடையது ஆகாதும்மா என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அவன் மனைவிக்கு ரத்தம் சேரவில்லை, வேறு ஆளும் இல்லை. பஸ்ஸில் வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். "வுடுக்கா, இதுக்குப் போயி. ஒரு வேர்க்கடல பொட்லம் வாங்கிக் குடு" என்றான். அதையும் அவன் சாப்பிடக் கூடாது. தெரிந்துதான் கேட்டான்.

டயாலிசிஸ் மெஷினில் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் அவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அமெரிக்காவில் பாஸ் என்று ஒரு மீனாம். ஏரியில் படகில் நின்றுகொண்டு கொக்கி வைத்த ரப்பர் தவளையை வீசுகிறார்கள். மீன் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து கவ்வுகிறது. அதைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டுத் திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள்.

"அப்புறம் இன்னாத்துக்குடா பிடிக்கிறானுங்க?" என்றேன்.

"பிடிக்கத்தான்" என்றான்.

பாஸ் நம் ஏரியில் கிடையாது. நம்முடைய விரால் அதே மாதிரிதான் தவளையைப் பாய்ந்து அடிக்கும் என்று யாரோ தமிழிலேயே எழுதியிருந்தார்களாம். தூண்டில் ராடு, நைலான் நரம்பைச் சுற்றிக்கொள்ளும் ரீல், நாலு ரப்பர் தவளை எல்லாவற்றையும் போனிலேயே வரவழைத்தான். பெட்டியைப் பிரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அவன் இடது மணிக்கட்டில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, அடி படக் கூடாது, வாட்ச்கூடக் கட்டக் கூடாது. ராடு வலது கையில் என்றால் ரீலைச் சுற்ற இடது கை வேண்டும். மாற்றிப் பிடித்தால் ராடின் மொத்த இழுப்பும் இடது கைக்கு வரும். இரண்டும் ஆகாது.

ரீலின் கைப்பிடியை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தான். பிறகு, "நான் எறியறேன். நீ சுத்து" என்றான்.

அப்படித்தான் ஆரம்பித்தோம். செவ்வாயும் வியாழனும் விடிந்ததும் என் ஸ்கூட்டியில் ஏரிக்கரைக்குப் போவோம். அவன் வலது கையால் வீசுவான். அவனுக்கு இடது பக்கம் ஒட்டி நின்றுகொண்டு நான் கைப்பிடியைச் சுற்றுவேன். அவனுக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீடியோவில் இருக்கிறவன் சொல்வதை அவன் எனக்குச் சொல்வான். முதல் வாரம் முழுக்கத் தவளை தண்ணீரில் விழுந்ததைவிடச் சீமைக்கருவேல மரத்தில் தொங்கியதுதான் அதிகம். ஒருதரம் என் முந்தானையில் மாட்டியது. நரம்பு சிக்கிக்கொண்டால் அவன் பொறுமை இழந்து கத்திரிக்கோலைத் தேடுவான். நான் பிடுங்கிக்கொள்வேன். முப்பது வருடமாக நூலோடு மல்லுக்கட்டுகிறவள், சிக்கெடுக்கவும் முடிச்சுப் போடவும் எனக்கு எவனும் வீடியோ காட்ட வேண்டியதில்லை.

ஜமுனாமரத்தூர் பஸ்ஸைப் பிடிக்கக் கரைமேல் நடந்து போகிறவர்கள், "இன்னா, ஒரு தூண்டிக்கு ரெண்டு ஆளா?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். "நீயும் வா, மூணாச்சு" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான்.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் நல்ல மனுஷர். "தூண்டிதான? தாராளமா போட்டுக்கோங்க. கொம்பு நட்ட எடத்துல மட்டும் போடாதீங்க" என்றார். அது எங்கள் ஏரி வழக்கம். மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரித்தால், குஞ்செல்லாம் செக்கச்செவேல் என்று ஒரு கூட்டமாக மேலே மிதந்து திரியும். ஆத்தா மீனும் அப்பன் மீனும் அடியிலேயே காவல் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் எது விழுந்தாலும், தவளையோ பாம்போ, வெறி பிடித்துப் பாய்ந்து கடிக்கும். பசிக்காகக் கடிப்பதில்லை. அதனால் அதைப் பிடிப்பது சுலபம். சுலபம் என்பதால்தான் பிடிக்கக் கூடாது. குஞ்சை முதலில் பார்க்கிறவர் ஒரு நொச்சிக் கொம்பை ஒடித்து அந்த இடத்தில் கரையில் நட்டுவிடுவார். குஞ்சு பெரிதாகிப் பிரிந்து போகிறவரை அங்கே வலையும் விழாது, தூண்டிலும் விழாது. எவ்வளவு திருட்டுப் பயலும் அந்தக் கொம்பைத் தொட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் தூண்டிலில் விரால் அடிக்காமல் இல்லை. ஐந்தாறு தடவை அடித்தது. அடித்ததும் இழுக்கக் கூடாது. தவளையை உள்ளே வாங்க விட்டு, மூன்று எண்ணி, பிறகுதான் சுண்ட வேண்டும். எனக்கு மூன்று எண்ணுகிற பொறுமை ஏது? தண்ணீர் வெடித்த உடனே சுற்றிவிடுவேன், வெறும் தவளை பறந்து வரும். "எண்ணுக்கா, எண்ணுக்கா" என்று கத்துவான். "நீ சீக்கிரம் எண்ணித் தொலையேன்டா" என்று நானும் கத்துவேன். ஒருநாள் இருவரும் பேசாமலே வீடு திரும்பினோம்.

நாள் முழுக்க அவன் அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். ஒரு பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தான். வெயில் ஏறினால் மூடியில் ஊற்றி ஒரு மூடி குடிப்பான், வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருப்பான். எதிரே கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். எப்படிடா தாங்குகிறாய் என்று கேட்க வாய் வரும், கேட்டதில்லை. நானும் அவன் முன்னால் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் அவனுக்கு முடியாமல் போக ஆரம்பித்தது. கால் வீங்கியது. ஸ்கூட்டியை நிறுத்தும் இடத்திலிருந்து தண்ணீர் வரை நடப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினான். இதயமும் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்று திரும்பும்போது பஸ்ஸில் அவன் என் தோளில் சாய்ந்துகொண்டு, "ஒண்ணே ஒண்ணுக்கா. என் கையால ஒண்ணு பிடிச்சிட்டா போதும்" என்றான். என் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாதவள் ஒரு மீனாவது கொடுக்கக் கூடாதா என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அந்த ஏரியில் ஆயிரம் விரால் இருக்கும். அவனுக்கு ஒன்று.

அடுத்த புதன்கிழமை அவனும் மனைவியும் வேலூர் போயிருந்தார்கள். மதியம் நான் தனியாக ஏரிக்குப் போனேன். வடக்குக் கரையில், அல்லிக்கொடி ஓரமாக, ஒரு நொச்சிக் கொம்பு நட்டிருந்தது. இலை வாடாமல் இருந்ததால் புதிதாக நட்டது என்று தெரிந்தது. எதிரே ஐந்தடி தூரத்தில் தண்ணீருக்கு மேல் சிவப்பாகக் குஞ்சுகள் கொப்பளித்தன, உள்ளே போயின, திரும்ப வந்தன. நான் அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வியாழன். கரையில் அவனை இறக்கிவிட்டு, "நீ மெதுவா வா, நான் முள்ளு கிள்ளு இருந்தா ஒதுக்கறேன்" என்று சொல்லி முன்னால் நடந்தேன். கொம்பைப் பிடுங்கிப் பின்னால் போட்டேன். நன்றாக ஆழமாக நட்டிருந்தார்கள், இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

அவன் வந்து சேர்ந்ததும், "அந்த அல்லி ஓரம் போட்டுப் பாரு" என்றேன். அவன் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். மூச்சு வாங்குகிறான் என்று நினைத்தேன். பிறகு வீசினான். தவளை விழுந்த வேகத்திலேயே தண்ணீர் வெடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அன்று நான் எண்ணினேன். அவன் சுண்டினான். ராடு வில்லாக வளைந்தது. இடது கை தானாக ராடுக்குப் போனது, நான் அதைத் தட்டிவிட்டேன். "சுத்துக்கா, சுத்துக்கா" என்று அழுகிற குரலில் கத்தினான். நான் சுற்றினேன். கருத்த முதுகும் மஞ்சள் வயிறுமாக, என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் கரையில் வந்து விழுந்து துள்ளியது.

அவன் சிரித்த சிரிப்பை நான் பத்து வருடமாகப் பார்த்ததில்லை. போனை எதிரே கல்மேல் சாத்தி வைத்துவிட்டு ஓடி வந்தான். ஆமாம், ஓடினான். வலது கையில் மீனைத் தூக்கிக்கொண்டு நின்றான். நான் பக்கத்தில் ராடைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன் தானாகவே படம் எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் குஞ்சுகள் மேலே வந்தன. கரைக்கு மிக அருகில், சிவப்பாக, எங்கே போவதென்று தெரியாமல் சுற்றின. சிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, குஞ்சு வச்சிருந்த மீனா இது?"

"எனக்கு இன்னாடா தெரியும்? கொம்பு இல்லியே" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் விடலாம் என்று உட்கார்ந்தான். கொக்கி செவுள் வரைக்கும் இறங்கியிருந்தது. மூன்று எண்ணியதன் பலன். கழற்றியபோது ரத்தம் வந்தது. தண்ணீரில் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தான், வீடியோவில் அப்படித்தான் செய்வார்கள். அது ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு, "சரி, வூட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்" என்றான்.

மகள் அன்று குழம்பில் கிடந்த மீனை முள் எடுக்கச் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள். எங்கப்பா பிடிச்சது என்று தெருவெல்லாம் சொன்னாள். அவனுக்கு ஒரு துண்டு வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை நான் ஏரிக்குப் போனேன். மிச்சமிருந்த ஒற்றை மீன் காவலுக்கு இருந்ததோ என்னவோ, குஞ்சுக் கூட்டம் பாதியாகியிருந்தது. ஜிலேபி மீன்கள் ஓரம் ஓரமாக வந்து கொத்தின. ஒரு கொக்கு அசையாமல் நின்று ஒவ்வொன்றாக எடுத்தது. கல்லெறிந்து விரட்டினேன். பறந்துபோய் எதிர்க்கரையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே சிவப்பாக ஒன்றுமே இல்லை. அவன் மகளை நினைத்தாயா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். நினைத்தேன்.

படத்தை அவன் எல்லோருக்கும் அனுப்பினான். டயாலிசிஸ் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள், நர்சுகள், பழைய கம்பெனி ஆட்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். எனக்கும் வந்தது. அதில் நான் இல்லை. அவனும் மீனும் மட்டும். ஓரத்தில் ராடைப் பிடித்த என் நாலு விரல் மிஞ்சியிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! தோள்பட்டை வலிக்கச் சுற்றியவள் நான், என்னை வெட்டிவிட்டு இவன் ஒருத்தனே பிடித்த மாதிரி. "ஏண்டா, அவ்ளோ அசிங்கமாவா இருந்தேன்?" என்று சண்டைக்குப் போனேன். "நீ கண்ண மூடிட்டக்கா, நல்லா வுழல" என்று சிரித்தான். இரண்டு நாள் அவன் வீட்டுப் பக்கமே போகவில்லை. இருந்த கொஞ்ச நாளில் இரண்டு நாள்.

அதற்குப் பிறகு ஏரிக்குக் கூப்பிட்டால், கால் வலிக்குது, அடுத்த வாரம் போலாம் என்பான். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால், வேலூரில், மெஷினிலிருந்து எடுத்துப் படுக்க வைத்த அரை மணியில் போய்விட்டான். நான் வெளியே அவனுக்கு இட்லி வாங்கிக்கொண்டிருந்தேன்.

காரியத்துக்குப் படம் வேண்டும் என்று அவன் மனைவி போனை என்னிடம் கொடுத்தாள். சிரித்த முகமாக ஒன்று எடுங்க அண்ணி என்றாள். தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெட்டாத படம் இருந்தது. நான் கண்ணை மூடவில்லை. நன்றாகத்தான் விழுந்திருந்தேன், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. என் காலுக்குப் பக்கத்தில் புல்மேல் நொச்சிக் கொம்பு கிடந்தது. இலையெல்லாம் பச்சையாக, அடிமுனையில் ஈரச் சேற்றோடு.

அவன் மனைவி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இதுல நீங்களும் நல்லா கீறீங்களே அண்ணி. இதையே போட்டுடலாமா?"

"வேணாம்மா. அவன் வெட்டி வச்சதே இருக்கட்டும்" என்றேன்.

அடக்கமாகச் சொல்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மாலை போட்ட அந்தப் படத்துக்கு முன்னால்தான் மூன்று வருடமாக விளக்கேற்றுகிறோம். படத்தைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோது கொம்பைக் கண்டானா, அல்லது வீசுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டு, அக்கா இவ்வளவு ஆசைப்படுகிறாளே என்று எனக்காக வீசினானா? அது ஒன்றைத்தான் அவனிடம் கேட்க வேண்டும்.