காற்று போகிற துணி

பானுப்ரியா துணியை வாயருகே பிடித்து ஊதுகிறாள். மறுபக்கம் தன் உள்ளங்கையை வைத்து, காற்று எவ்வளவு வருகிறது என்று பார்க்கிறாள். நெசவு ஊரான பொதட்டூர்பேட்டைக்குத் துணி வாங்க வருகிறவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், இழுத்துப் பார்ப்பார்கள், முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். ஊதிப் பார்க்கிற ஆள் இவள் ஒருத்திதான். காற்று அதிகம் வந்தால் முகத்தைச் சுளிப்பாள். வரவே இல்லையென்றாலும் சுளிப்பாள்.

"இத்தக் கட்னா மூச்சு முட்டிச் செத்துடும். அத்தக் கட்னா பஞ்செல்லாம் உள்ள பூந்துடும்."

மூச்சு முட்டிச் சாகக்கூடாது என்று அவள் கவலைப்படுவது தன்னுடைய மூன்று மிஷின்களைப் பற்றி.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுடைய செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. வயது முப்பத்தாறு. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய நான், செத்துப்போன என் போனை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். எங்கெல்லாம் போனேன், என்ன சாப்பிட்டேன், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று ஊரே என்னைக் கேட்டு முடித்திருந்தது. ஜார்ஜியா, நார்வே என்று நான் சொன்னதும் பானுப்ரியா நிமிர்ந்து பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று.

"அங்கெல்லாம் கரண்ட் நிக்குதா?"

அவளுடைய மிஷின்கள் ஓடுவது கிரிப்டோ நாணயத்துக்காக. அந்த நாணயங்களுக்கு வங்கி கிடையாது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் கம்ப்யூட்டர்கள்தான் சரிபார்க்கின்றன. அதற்காக ஓயாமல் கணக்குப் போடும் கம்ப்யூட்டர்களுக்கு அதே நாணயத்தில் ஒரு துளி கூலி உண்டு. இதைத்தான் மைனிங் என்கிறார்கள். சென்னையில் மூடிவிட்ட ஒரு கேமிங் சென்டரிலிருந்து பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, இரும்புச் சட்டத்தில் ஆறு ஆறாகப் பொருத்தி, அப்படி மூன்று மிஷின்களை அவளே கட்டியிருக்கிறாள். கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. அவள் குடியிருக்கும் அறையில் இடமில்லாததால், பொதட்டூர்பேட்டையில் அக்கா கவிதா வீட்டுத் தறிக் கொட்டகையின் மூலையில் அவை நிற்கின்றன. இவள் திருத்தணியில் இருந்தபடியே போனில் அவற்றை மேய்க்கிறாள்.

லாபம் உண்டா என்று கேட்டேன்.

"லாபம் இன்னா லாபம். வெயில் காலத்துல டீக்கு வரும். மழைக் காலத்துல பன்னும் சேத்து வரும்."

"அப்புறம் எதுக்குக்கா?"

"நிக்காம ஓடுதில்ல?" என்றாள், இதென்ன கேள்வி என்பதுபோல.

அவள் எண்ணுவது ஒன்றைத்தான். மனிதக் கை படாமல் மிஷின்கள் எத்தனை நாள் ஓடின என்பதை. கரண்ட் போகலாம், வரலாம். கார்டு சூடாகலாம். நெட் அறுந்து போகலாம். எல்லாவற்றிலிருந்தும் மிஷின் தானாக எழுந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் இவள் திருத்தணியிலிருந்து எழுப்ப வேண்டும். யாரும் போய்ப் பட்டனை அழுத்தக்கூடாது. நான் முதலில் போனபோது அந்த எண்ணிக்கை நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

ஒருநாள், யாருடைய போனுக்கோ திரையை ஒட்டிக்கொண்டே தன் போனை ஓரக்கண்ணால் பார்த்தாள். "அக்கா சமையல முடிச்சிட்டு கொட்டாய் பின்கதவத் தொறந்துட்டா" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். கார்டுகளின் சூடு இரண்டு டிகிரி இறங்கியிருந்ததாம். நம்பாமல் அக்காவுக்குப் போன் போடச் சொன்னேன். "ஆங், இப்பத்தான் தொறந்தேன், ஏன்?" என்றது அந்தப் பக்கம். நார்வேயில் ஒரு மலைக்குள் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே எனக்கு உடல் சிலிர்க்கவில்லை. இங்கே சிலிர்த்தது.

முதலில் அவள் செய்த தப்பையும் அவளே சொன்னாள். தறி ஓடும் கொட்டகையில் காற்றெல்லாம் பஞ்சு என்பதை நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் மறந்துவிட்டாள். பத்தொன்பதாவது நாள் போய்ப் பார்த்தால் கார்டுகள் எல்லாம் பஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றன. ஒன்று எரிந்தே போயிருந்தது. கொசுவலை கட்டினாள், பஞ்சு நுழைந்தது. லுங்கித் துணி கட்டினாள், காற்று நின்றது. ஊடை என்கிற குறுக்கு இழையைத் தளர்த்தி இரண்டுக்கும் நடுவில் ஒரு துணி நெய்து தரச் சொல்லி, அக்கா கணவர் நாகராஜனிடம் கேட்டாள்.

"முப்பது வருசமா நெருக்கமா நெய்யி, நெருக்கமா நெய்யின்னுதான் எல்லாரும் சொல்லிக்கினு இருந்தாங்க" என்றார் அவர். "ஓட்டையா நெய்யச் சொன்னவ நீ ஒர்த்திதான். போம்மா."

அதனால் அவள் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியை இரண்டு மடிப்பாகக் கட்டி ஒப்பேற்றிவிட்டு, வேறு துணி தேடி ஊதிக்கொண்டே இருந்தாள்.

நாகராஜனுக்கு அந்தப் பெட்டிகளைப் பிடிக்காது. அதற்கு நியாயமும் இருந்தது. மிஷினுக்கென்று தனி மீட்டர் வாங்கியிருந்தாலும், வீடு, தறி, மிஷின் மூன்றுக்கும் முன்னால் ஒரே பெரிய மெயின்தான். கரண்ட் போய் வரும்போது ஆறு தறிகளும் மூன்று மிஷின்களும் ஒன்றாக எழுந்ததில் மூன்று தடவை அந்த மெயின் விழுந்து மொத்தமும் அணைந்தது. மூன்று தடவையும் தறியில் ஏற்றியிருந்த பாவில் இழைகள் அறுந்தன. அதன்பின் பானுப்ரியா ஏற்பாட்டை மாற்றினாள். கரண்ட் வந்து பதினோரு நிமிடம் மிஷின்கள் சும்மா இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக எழும்.

"தறிதான் மாப்ள வூடு. அவுங்க பந்தி முடிஞ்சாத்தான் நம்ம எல போடணும்" என்பாள்.

அதற்குப்பின் ஒருமுறைகூட மெயின் விழவில்லை. ஆனால் நாகராஜன் மனம் இறங்கவில்லை. "ஆடிக் கிருத்திகை வரைக்கும்தான். அப்பறம் அந்த டப்பாவெல்லாம் எட்த்துக்கினு போய்டு" என்று கெடு வைத்தார். வேறு இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று நானும் அவளோடு மலை ஏறினேன். அவள் தோளில் பூக்காவடி. படியெல்லாம் மனிதத் தலைகள், காதெல்லாம் அரோகரா. அத்தனை கூட்டத்தில் போனில் நெட் வேலை செய்யாது என்று அவளுக்குத் தெரியும். அதற்கும் வழி வைத்திருந்தாள். கொட்டகையில் அவள் பொருத்திய சின்ன போர்டில் ஒரு சிம் உண்டு. கோளாறு என்றால் அது இவளுக்கு மிஸ்டு கால் கொடுக்கும்.

"ஒண்ணுன்னா மிஷினு. ரெண்டுன்னா ரூமு. மூணுன்னா ஓடு" என்று முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறாள். மூன்று ஒருமுறையும் வந்ததில்லை.

பாதி மலையில் மூன்று வந்தது.

காவடியை என் தோளுக்கு மாற்றிவிட்டு, பின்னாலேயே வந்த எஸ்எம்எஸ்ஸைப் படித்தாள். மூன்று வோல்டேஜ் எண்கள்: 171, 268, 289. மூன்றுமே 230-ஐ ஒட்டி இருக்க வேண்டியவை.

"நியூட்ரல் புட்டுக்கினு வருது" என்றாள்.

தெருவுக்கு மூன்று கம்பியில் கரண்ட் வருகிறது, நியூட்ரல் என்ற ஒரு கம்பியில் திரும்பிப் போகிறது. அது அறுந்தால் ஒரு வீட்டில் விளக்கு மங்கும், அடுத்த வீட்டில் டிவியும் ஃபிரிஜ்ஜும் வெந்து போகும். தறி மோட்டார்களுக்கு அது தெரியவே தெரியாது, பாட்டுக்கு ஓடும். அவளுடைய மிஷின்கள் அந்த நொடியே தங்களை அணைத்துக்கொண்டுவிட்டன. ஆனால் அந்தக் கொட்டகையில், பஞ்சு படிந்த கூரைக்குக் கீழே, டியூப்லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன; ஒன்று வெடித்தாலும் பஞ்சு பற்றிக்கொள்ளும். அவசர ஆர்டருக்காக நாகராஜன் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்குள் இருந்தாள்.

நாகராஜனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு தறிச் சத்தத்தில் அது அவருக்கு எப்படிக் கேட்கும்? அக்காவின் போன் அணைந்திருந்தது. மறுபடி நாகராஜன். மறுபடி வெறும் மணி.

பானுப்ரியா ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு போர்டுக்கு எஸ்எம்எஸ்ஸில் ஓர் ஆர்டர் அனுப்பினாள். மூன்று மிஷினும், ஒரே நேரத்தில், முழு வேகத்தில் எழ வேண்டும். பாதுகாப்பை நீக்கவா என்று போர்டு திருப்பிக் கேட்டது. நீக்கு என்றாள்.

"அக்கா, அந்த வோல்டேஜ்ல கார்டெல்லாம் எரிஞ்சுடுமே!" என்றேன்.

"எரியட்டும். அப்பத்தான் மெயின் வுழும்."

எது நடக்கக்கூடாதென்று இத்தனை மாதமாகக் காத்துவந்தாளோ, அதைத் தன் கையாலேயே செய்துவிட்டு, போனைப் பார்த்தபடி நாலு படி ஏறினாள். ஐந்தாவது படியில் போன் அடித்தது. நாகராஜன். கத்தல் எனக்கே கேட்டது.

"இன்னா பானு, மறுபடியும் மெயினக் கவுத்துட்டியா? நல்ல நாளும் அதுவுமா உன் டப்பா..."

"ஆங், நாந்தான் பாவா கவுத்தேன். ஏத்தாதீங்க. மெயின் மேல கை வெக்காதீங்க. வெளிய வந்து தெருவப் பாருங்க."

அந்தப் பக்கம் தறிச் சத்தம் இல்லை. செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ அலறினார்கள்.

"பானு," என்றார் நாகராஜன். குரல் இறங்கியிருந்தது. "எதுத்த வூட்டு டிவிலருந்து பொகை வருதும்மா."

"எல்லாரையும் மெயின எறக்கச் சொல்லுங்க பாவா. லைன்மேனக் கூப்டுங்க."

கம்பியில் குரங்கு தொங்கியதில் கம்பத்து இணைப்பு விட்டிருந்ததாம். தெருவில் நான்கு டிவி, இரண்டு ஃபிரிஜ் போயின. அக்கா வீட்டில் ஒரு பல்புகூடப் போகவில்லை. மிஷின்களில் இரண்டு பவர் சப்ளைகளும் ஐந்து கார்டுகளும் கருகிவிட்டன. மறுநாள் கொட்டகைக்குப் போய் அவற்றைக் கழற்றியவள் பானுப்ரியாதான். அதனால் அவளுடைய எண்ணிக்கை இருநூற்றுப் பதினொன்றோடு நின்றது. அன்று மலையில், அந்தப் படியில், அவள் போனை இடுப்பில் செருகினாள். என் தோளிலிருந்து காவடியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, மிச்சப் படிகளை ஏறினாள்.

கெடு முடிந்த அடுத்த வாரம், மிஷின்களை எடுத்துப் போக அட்டைப் பெட்டிகளோடு அவள் பொதட்டூர்பேட்டைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். ஐந்து தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆறாவது நின்றிருந்தது. நாகராஜன் எங்களைப் பார்த்தார், அட்டைப் பெட்டிகளைப் பார்த்தார், அந்த ஆறாவது தறிக்குப் போனார். ஒரு முழத் துணியோடு திரும்பி வந்து நீட்டினார். வெள்ளைத் துணி. இழைக்கு இழை இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது.

"இன்னா பாவா இது?"

"ஓட்டதான். கேட்டியே."

பானுப்ரியா பெட்டிகளைக் கீழே வைத்தாள். துணியை இரண்டு கையாலும் விரித்து வாயருகே கொண்டுபோனாள். அவள் ஊதுவதற்கு முன்பே, நாகராஜன் தன் உள்ளங்கையைத் துணிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்.