ஹில்டா அக்காவுக்கு ஒரு ஃபேன் ஸ்விட்ச்

கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவில் யார் வீட்டுக்காவது ஜீவரத்தினம் சார் வந்துவிட்டுப் போனார் என்றால் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. நாம் உட்கார்ந்திருக்கும்போதே ஃபேன் நின்றிருக்கும்.

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கடைசி ஆளாக வெளியே வருவது அவருடைய பொறுப்பு. ரிட்டையர் ஆனதும் அந்தப் பொறுப்பை விடாமல் ஊருக்கே விரித்துவிட்டார். காபியை ஒரே மடக்கில் குடிப்பார், டம்ளரை வைப்பார், எழுந்து போகிற போக்கில் கை ஸ்விட்ச் மேல் விழும். ஒருமுறை சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதே பின்வரிசை ஃபேன்களை அணைத்துவிட்டார். நேரமாகிவிட்டது என்று சொல்கிறார்கள் போல என நினைத்து ஃபாதரும் சீக்கிரம் முடித்துவிட்டாராம். அன்றைக்கு மட்டும் சாரை யாரும் திட்டவில்லை.

இதில் அதிகம் வெந்து போனவர் அவர் மனைவி ஹில்டா அக்கா. ஸ்கூலில் டீச்சராக இருந்தவர். மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தால் போதும், ஃபேன் நின்றுவிடும். "தூங்கிட்டியேம்மா, அப்புறம் யாருக்கு ஃபேன்?" என்பார் சார். அக்கா வேர்த்து விழித்துக்கொண்டு மறுபடி போடுவார், தூங்குவார், மறுபடி அது நிற்கும். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்த மனிதர்தான் படப்பையிலிருந்து ஒரு பழைய வேனை வாங்கி வந்து, சரியாக எங்கள் வீட்டு கேட்டுக்கு எதிரே நிறுத்தினார். ஒரகடத்துக்குக் கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு போன வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து, ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்கு அக்காவை அதிலேயே கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். அக்காவுக்கு முட்டி வலி, பஸ்ஸில் உட்கார முடியாது. என் ஸ்கூட்டரை வெளியே எடுக்க நான் தினமும் படும் பாட்டைப் பற்றி அந்தத் திட்டத்தில் ஒன்றும் இல்லை.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கட்டிலில் தன் தலைமாட்டில், சாருக்குக் கை எட்டாத இடத்தில், ஃபேனுக்கு ஒரு ஸ்விட்ச் வேண்டும்.

"இல்லன்னா நான் டிரெயின்ல போயிக்கறேன். நீங்க உங்க வண்டியில தனியா வாங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு வாங்க."

சார் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஸ்டேஷனுக்கு ஆட்டோ எவ்வளவு கேட்பான் என்று என்னிடம் அப்போதே விசாரித்தார்.

அங்கேதான் வந்தது வம்பு. வேனின் சுவர் என்பது வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு பிளைவுட், நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி, அவ்வளவுதான். சார் வாங்கி வந்ததோ வீட்டுச் செங்கல் சுவரில் புதைக்கும் இரும்புப் பெட்டியும், பெரிய வெள்ளை ஸ்விட்சும். கார்களில் இருப்பதுபோல் மெல்லிசான ஸ்விட்ச் கிடைக்குமே என்று என் கணவர் சாம்பசிவன் சொன்னார்.

"அதுல சத்தம் வராது சாம்பு. டக்குனு கேக்கணும். அப்பதான் ஆஃப் ஆயிடுச்சுன்னு மனசுக்குத் தெரியும்" என்றார் சார்.

சாம்பசிவன் அதோடு சும்மா இருந்திருக்கலாம். ஸ்விட்ச் போர்டு அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். வண்டி திரும்பினால் மூலையும் திரும்புமே என்று நான் கேட்டேன். நிறுத்தும்போது பார்த்து நிறுத்திக்கொள்ளலாம் என்றார். இவரை வைத்துக்கொண்டு நான் குடும்பம் நடத்துகிறேன்.

சார் டிரில் பிடித்தார். பிளைவுட்டில் ஓட்டை விழுந்தது. பெட்டி முழுதாக உள்ளே போகவில்லை. இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும் என்று அழுத்தினார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் கண்ணெதிரே வேனின் வெளிப்பக்கத்திலிருந்து டிரில் முனை எட்டிப் பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே போய்விட்டது.

மறுநாள் அந்த இடத்தில் 'ஆரோக்கிய மாதா துணை' என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதற்கடுத்த நாள் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அந்த வாரக் கடைசியில் வண்டியின் ஒரு பக்கம் முழுக்க மாதா, இறக்கை விரித்த சம்மனசு, சிலுவை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, என்ன பக்தி என்று சொல்லிப் போனார்கள். ஒவ்வொரு ஸ்டிக்கருக்குப் பின்னாலும் ஒரு ஓட்டை இருப்பது எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும்.

புதைக்க முடியாவிட்டால் போகட்டும் என்று சுவருக்கு மேலேயே பெட்டியை வைத்துப் பார்த்தார். அக்கா படுத்துப் பார்த்தார். திரும்பிப் படுத்தபோது பெட்டி நெற்றியில் இடித்தது. அக்கா எழுந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார்.

"செவுத்துல ஆழம் இல்ல வித்யா. நான் என்ன பண்ணட்டும்?" என்று சார் என்னிடம் கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தலைமாட்டுல அவரோட சட்டை அலமாரி இருக்குல்ல? கட்டிலுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு பலகைதான். அதுக்குப் பின்னாடி எவ்ளோ ஆழம் வேணுமோ இருக்கு. அது அவருக்கு நல்லாவே தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. அந்தப் பலகையில் பெட்டியைப் பொருத்தினால் அலமாரிக்குள் துருத்திக்கொண்டு நிற்கும், வயர் தொங்கும், சட்டை வைக்க முடியாது. வெள்ளைச் சட்டைகளை மடிப்புக் கலையாமல் அடுக்குவதற்காக, இழைப்புளி பிடித்துச் சார் தன் கையாலேயே செய்த அலமாரித் தட்டு அது. அந்த வண்டியில் அவர் பெருமையாகக் காட்டுவதே அதைத்தான்.

ரெண்டு நாள் வேனிலிருந்து சத்தமே வரவில்லை. மூன்றாம் நாள் ரம்பம் அறுக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சார் தன் தட்டைப் பாதியாக அறுத்துக்கொண்டிருந்தார். முகம் பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் முகம் மாதிரி இருந்தது. அன்று முதல் முறையாக அவர்மேல் எனக்குப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. சாப்பாடு ஆனதும் அக்கா வேனில் போய்ப் படுத்தார். டக் என்று சத்தம் கேட்டது, ஃபேன் ஓடியது. வெளியே வேப்பமர நிழலில் சாரும் சாம்பசிவனும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சாருக்குக் கை அரித்தது. உள்ளே போனார், அக்காவைத் தாண்டிக் கையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை, வந்துவிட்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல் முன்பக்கம் போனார். டிரைவர் சீட்டுக்கு அடியில் பேட்டரிக்கு ஒரு மெயின் ஸ்விட்ச் வைத்திருந்தார். டிரைவர் பக்கக் கதவு பூட்டியிருந்தது.

"தேடாதீங்க. சாவி என் தலையணைக்குக் கீழ இருக்கு" என்றது உள்ளேயிருந்து அக்காவின் குரல்.

சாம்பசிவன் விழுந்து விழுந்து சிரித்தார். சார் வேனின் படியில் உட்கார்ந்தார். உள்ளே மெல்லிய குறட்டை கேட்க ஆரம்பித்தது. அது நிற்கவேயில்லை. வெயில் மதிலைத் தாண்டி இறங்கிவிட்டது. சார் அடிக்கடி உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ இவ்ளோ நேரம் தூங்கி நான் பாத்ததே இல்ல சாம்பு" என்றார்.

 ஏனென்று நான் சொல்லியிருப்பேன். ஆனால் சாரின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

நான் காபி போட்டுக்கொண்டு வந்தபோது அக்கா எழுந்து வெளியே வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. படியில் கால் வைத்தவர் பழக்க தோஷத்தில் ஃபேனை அணைக்கத் திரும்பினார்.

"இருக்கட்டும் ஹில்டா. ஓடட்டும்" என்றார் சார்.

உள்ளே ஆள் இல்லை. ஃபேன் ஓடியது. அக்கா அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சாரிடம் டம்ளரைக் கொடுத்தேன். அதைக் குடித்து முடித்ததும் எழுந்துபோய் அணைத்துவிடுவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

அந்த ஒரு டம்ளர் காபியை அவர் ஆறிப்போகும்வரை குடித்துக்கொண்டிருந்தார்.