புள்ளி இல்லாத படம்

யசோதராவுக்குச் சண்டை போடத் தெரியும். வியாசர்பாடி குடியிருப்பில் தண்ணீர் லாரி வந்தால் அவள் குடம்தான் முதலில் நிறையும். ரேஷனில் எடை குறைந்தால் ஊரைக் கூட்டிவிடுவாள். அன்றைக்கு ஸ்கேன் சென்டரிலாவது அந்த வாயை அடக்கியிருக்கலாம்.

அவள் புருஷன் நீலமேகம் சாத்தாங்காட்டில் இரும்புத் தகடுகளின் துருவை மணல் பீய்ச்சி அகற்றுகிறவன். இருமல் விடாததால் டாக்டர் நெஞ்சுக்கு சி.டி. எடுக்கச் சொன்னார். கைக்கு வந்த ஃபிலிமை யசோதரா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். படம் பளிச்சென்றிருந்தால் உடம்பில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். இதில் நுரையீரல் முழுக்கப் புள்ளிபுள்ளியாகக் கிடந்தது.

"இன்னாபா இது, ரவ கொட்னா மாறி கீது? மெஷினு கலீஜா கீதா? நல்லதா போட்டுக் குடு."

ஸ்கேன் எடுத்த தௌசீஃப் சொல்லிப் பார்த்தான். "நுரையீரலுக்கு இப்டித்தாங்கா போடணும். கூர்மையா போட்டாதான் பொடி விஷயம்லாம் தெரியும். கூடவே புள்ளியும் வரும்."

அவள் விடவில்லை. வரிசையில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தொல்லை தாங்காமல் அதே ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் வழவழப்பாக மாற்றி அமைத்து வேறு ஃபிலிம் கொடுத்துவிட்டான், பாவி. புள்ளிகளோடு சேர்ந்து, மணல் தூசி உண்டாக்கியிருந்த பொடிக் கட்டிகளும் அதில் மறைந்துபோயின. ரிப்போர்ட்டும் அந்தப் படத்தை வைத்தே எழுதப்பட்டது. டாக்டர் இருமலுக்கு மருந்து கொடுத்தார். நீலமேகம் மறுநாளே மணலுக்குப் போனான்.

அடுத்த மழைக்காலத்தில் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் கீர்த்தி புதுப் படத்தையும் பழைய ஃபிலிமையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ரெண்டு நுரையீரலும் தழும்பாயிடுச்சும்மா. இனிமே பழையபடி ஆகாது. அப்பவே தூசிய விட்டு வந்திருந்தா இவ்ளோ பரவியிருக்காது. பழைய படத்த ஏன் இவ்ளோ மழமழன்னு போட்டாங்க? இதுல சின்னக் கட்டி எதுவுமே தெரியாதே."

யசோதரா வாய் திறக்குமுன் நீலமேகம் முந்திக்கொண்டான்.

"அவன் மொதல்ல கலீஜாதான் குட்த்தான் மேடம். எங்க வூட்டுக்காரிதான் சண்ட போட்டு நல்ல படமா வாங்கினா."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. பெருமையாக மனைவியைப் பார்த்தான். டாக்டரும் அவளைப் பார்த்தார். அவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.